எம்டனை நிறுத்திய கேப்டன் கிளாசப்: உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்

சிட்னிவாசி:

போன மாதம் ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவை பிராட்லீஸ் ஹெட் முனைக்கு அழைத்துப் போனேன். டரோங்கா மிருகக்காட்சிசாலைப் படகுத்துறையில் இறங்கி, கடலை ஒட்டிய பாதையில் நடந்தால் முனை வந்துவிடும். அங்கே கரையோரமாக மூன்று கால்களோடு ஓர் எஃகுக் கொடிமரம் நிற்கிறது. முதல் உலகப் போரில் எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பலை முடக்கிய, சிட்னி என்ற ஆஸ்திரேலியப் போர்க்கப்பலின் கொடிமரம். இன்றும் கடற்படைக் கப்பல்கள் அந்த முனையைக் கடக்கும்போது அதற்கு மரியாதை செலுத்திவிட்டுத்தான் போகின்றன.

அங்கிருந்த பலகையை நான் வாசித்துக்கொண்டிருந்தபோது அம்மா கேட்டார்: "எம்டன்னா கப்பலா? ஆளைத்தானேடா எம்டன்னு சொல்லுவோம்?" அறுபத்தெட்டு வயது வரைக்கும் அவருக்கு அது ஒரு வசவும் பாராட்டும் கலந்த சொல். என் தாத்தாவைப் பற்றிப் பாட்டி சொன்னதுகூட "அந்த மனுஷன் சரியான எம்டன்" என்றுதான். அப்புறம் அங்கேயே பாறையில் உட்கார்ந்து முழுக்கதையையும் சொன்னேன். சொல்லும்போதுதான் எனக்கே உறைத்தது. எம்டனையும் அதன் கேப்டன் ஃபான் முல்லரையும் பற்றி மணிக்கணக்கில் பேச எனக்கு விஷயம் இருக்கிறது. அதை நிறுத்திய ஜான் கிளாசப்பைப் பற்றி அதில் கால்வாசிகூட இல்லை. அன்றிலிருந்து கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்துவருகிறேன்.

கிளாசப் 1871இல் லண்டனை ஒட்டிய ட்விக்கன்ஹாமில் பிறந்தவர். மதகுருவின் மகன். அந்தக் காலத்தில் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி ஆக வேண்டுமென்றால் பதின்மூன்று வயதுவாக்கில் வீட்டை விட்டுப் போய்விட வேண்டும். டார்ட்மவுத்தில் ஆற்றில் கட்டி நிறுத்திய பிரிட்டானியா என்ற பழைய மரக்கப்பல்தான் பள்ளிக்கூடம். கரையில் கல்லூரிக் கட்டடம் திறந்தது 1905இல்தான். பாய்மரம் ஏறக் கற்றுக்கொண்டு உள்ளே போன அந்தத் தலைமுறைப் பையன்கள் டர்பைன் கப்பல்களுக்குக் கேப்டன்களாக வளர்ந்தார்கள். மிட்ஷிப்மேன், சப்-லெப்டினன்ட், லெப்டினன்ட், கமாண்டர் என்று ஒவ்வொரு படியாக ஏறி, நாற்பதை ஒட்டிய வயதில் கிளாசப் கேப்டன் ஆனார். ஆஸ்திரேலியக் கடற்பகுதி அவருக்கு முன்பே பழக்கம். 1911இல் உருவான ஆஸ்திரேலியக் கடற்படைக்குச் சொந்தமாக மூத்த அதிகாரிகள் இல்லாததால் பிரிட்டன் ஆட்களை இரவல் கொடுத்தது. அப்படி வந்தவர்தான் இவர். 1913இல் புத்தம்புது சிட்னி கப்பலை ஏற்றுக்கொண்டு, அந்த அக்டோபரில் முதல் ஆஸ்திரேலியக் கடற்படை அணியோடு சிட்னி துறைமுகத்துக்குள் வந்தார்.

ஒன்றை நினைத்துப் பாருங்கள். 1885 வாக்கில் சேர்ந்தவருக்கு, எம்டனைச் சந்தித்த 1914 நவம்பர் 9 காலை வரை தனக்குச் சமமான ஒரு பகைக் கப்பலோடு மோதும் நாள் வாய்க்கவே இல்லை. முப்பது வருடப் பயிற்சி முழுவதும் ஒரே நாளில் வந்து நின்றது. எனக்கு முக்கியமாகத் தெரிவது அந்த நாளின் காலை அல்ல, சாயங்காலம். அதைப் பற்றி இங்கே இருக்கிற கப்பல்காரர்கள் யாராவது எழுதினால் நன்றாக இருக்கும். விடுதலைப் போராட்ட வீரர் செண்பகராமன் பிள்ளை எம்டனில் வந்தாரா இல்லையா என்ற விவாதத்தை மட்டும் இந்த இழையில் வேண்டாமே, தயவுசெய்து.

பாரிமுனைக்காரன்:

இருபது வருடமாகச் சென்னை உயர் நீதிமன்றத்துக்குள் போய் வருகிறேன். கிழக்குச் சுற்றுச்சுவரில் எம்டன் கல்வெட்டு இருக்கிறது. ஜூனியராகச் சேர்ந்த புதிதில் என் சீனியரின் குமாஸ்தாதான் கையைப் பிடித்து அழைத்துப் போய்க் காட்டினார். அவருக்கு அவருடைய அப்பா காட்டினாராம்.

1914 செப்டம்பர் 22 இரவு சுமார் ஒன்பதரை மணி. கரை விளக்குகள் அணைக்கப்படாமல் இருந்த பட்டணத்தின் மேல் எம்டன் நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளைப் போட்டது. பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகள் பற்றி எரிந்தன. குண்டு வீச்சு நடந்ததென்னவோ அரை மணி நேரம்கூட இல்லை. ஆனால் அடுத்த நாட்களில் மூட்டை கட்டிக்கொண்டு ஊரைவிட்டுப் போனவர்கள் ஆயிரக்கணக்கில். குமாஸ்தாவின் குடும்பமும் மாட்டு வண்டி பிடித்துச் செங்கல்பட்டுப் பக்கம் போய்விட்டு, இரண்டு மாதம் கழித்துத்தான் திரும்பியிருக்கிறது.

சிட்னிவாசி ஐயா கேட்டதற்காகச் சொல்கிறேன், அந்தக் குமாஸ்தா ஒருமுறைகூட கிளாசப் என்ற பெயரைச் சொன்னதில்லை. "கோக்கஸ் தீவுல வெச்சு முடிச்சுட்டாங்க" என்பார் (இந்தியப் பெருங்கடலில் இருக்கும் தீவு அது), அவ்வளவுதான். நானும் இன்றுதான் அந்தப் பெயரைத் தெரிந்துகொண்டேன்.

முத்துநகர் மாலுமி:

வணிகக் கப்பலில் சீஃப் ஆபீசராக இருக்கிறேன், சொந்த ஊர் தூத்துக்குடி. நீங்கள் கேட்ட சாயங்காலத்தைப் பற்றிச் சொல்கிறேன் அண்ணா, காலையிலிருந்தே தொடங்க வேண்டும்.

ஆஸ்திரேலிய, நியூசிலாந்து வீரர்களை ஏற்றிய பெரிய கப்பல் தொடர் கொழும்பை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது. கோக்கஸ் தீவுத் தந்தி நிலையத்திலிருந்து "அந்நியக் கப்பல் வாசலில்" என்று செய்தி வருகிறது. அப்போது பாதுகாப்பு அணியின் பொறுப்பில் இருந்தவர் மெல்பர்ன் கப்பலின் கேப்டன் சில்வர். தானே போகத்தான் முதலில் கப்பலைத் திருப்பினார். ஆனால் தலைமைப் பொறுப்பில் இருப்பவர் தொடரை விட்டுப் போகக்கூடாது என்று தன்னைத் தடுத்துக்கொண்டு சிட்னியை அனுப்பினார். ஜப்பானியக் கப்பல் இபுகியும் போகத் துடித்தது, அதற்கும் அனுமதி தரவில்லை. கிளாசப்புக்கு அந்த நாள் கிடைத்ததே இன்னொருவர் விட்டுக்கொடுத்ததால்தான். சில்வரின் அந்த முடிவு எனக்கு அவ்வளவு பிடிக்கும். பிரிட்ஜில், அதாவது கப்பலை நடத்தும் மேல்தளத்தில், நின்றவனுக்குத்தான் தெரியும் அது எவ்வளவு கஷ்டம் என்று.

சிட்னியிடம் ஆறு அங்குலப் பீரங்கிகள் எட்டு. எம்டனிடம் இருந்தவை நாலு அங்குலத்துக்குச் சற்றே கூடுதலானவை. இருந்தாலும் முதலில் குறி தவறாமல் அடித்தது எம்டன்தான். கிளாசப் நின்ற மேல் பிரிட்ஜிலேயே தொலைவு அளக்கும் கருவி மேல் ஒரு குண்டு விழுந்து, கருவியில் இருந்தவர் அங்கேயே இறந்தார். குண்டு வெடிக்கவில்லை. வெடித்திருந்தால் கேப்டனும் போயிருப்பார். அப்புறம் சிட்னி தன் வேகத்தால் தூரத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு அடித்தது. பதினொன்றரை மணிக்குள் எம்டன் அந்தத் தீவுக்கூட்டத்தின் வடக்கு கீலிங் தீவின் பவளப்பாறையில் ஏறிவிட்டது. கிளாசப் எம்டனின் நிலக்கரிக் கப்பலை விரட்டிப் போய்விட்டு மாலை நாலு மணிக்குத் திரும்பினார்.

திரும்பிப் பார்த்தால் எம்டனின் கொடி இன்னும் பறக்கிறது. கடலில் கொடி பறந்தால் சண்டை முடியவில்லை என்று பொருள். சரணடைகிறாயா என்று கொடிக் குறியீட்டில் கேட்டார். எம்டன் தன் குறியீட்டுப் புத்தகங்களை முன்பே அழித்துவிட்டிருந்தது. புத்தகம் இல்லை என்று பதில் வந்தது. பிறகு மோர்ஸில் கேட்டார், பதில் இல்லை. மறுபடி சுட உத்தரவிட்டார். அசையாமல் கிடந்த கப்பலில் மேலும் பலர் செத்தார்கள். சில நிமிடங்களில் கொடி இறங்கியது, வெள்ளைத் துணி தெரிந்தது, நிறுத்தினார்.

சிலர் இதை வைத்து அவரைக் கொடியவர் என்கிறார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எம்டனிலிருந்து கரையிறங்கிய ஐம்பது பேர் இன்னொரு தீவில் இருக்கிறார்கள், வேறு ஜெர்மன் கப்பல் வருமா என்று தெரியாது, பீரங்கியும் டார்பிடோவும் செயல்படுமா என்று தெரியாது, சீக்கிரம் இருட்டிவிடும். ஆனால் அவர் செய்தது சரி என்று நிம்மதியாகச் சொல்லவும் என்னால் முடியவில்லை. எங்கள் பிரிட்ஜிலும் சர்வதேசக் குறியீட்டுப் புத்தகம் அலமாரியில் இருக்கிறது. அதைப் பயிற்சிக்காக எடுக்கும் ஒவ்வொரு தடவையும் எம்டன் ஞாபகம் வரும். இந்தப் புத்தகம் அன்றைக்கு அவர்களிடம் இருந்திருந்தால் எத்தனை பேர் வீடு திரும்பியிருப்பார்கள்?

மறுநாள் கிளாசப் முல்லருக்கு அனுப்பிய கடிதத்தைப் படித்துப் பாருங்கள். மனிதாபிமானத்தின் பெயரால் கேட்கிறேன், சரணடையுங்கள் என்று தொடங்கி, உங்கள் வீரத்தை மதிக்கிறேன், உங்கள் கப்பல் தரைதட்டிவிட்டது, புகைபோக்கிகள் விழுந்துவிட்டன, என் கப்பல் முழுதாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறார். அதட்டல் ஒரு வரியில்கூட இல்லை.

வெள்ளவத்தைத் தங்கச்சி:

மாலுமி அண்ணா நிறுத்திய இடத்திலிருந்து நான் தொடங்குகிறேன். எங்கள் அப்பப்பாவின் தகப்பனார் கொழும்புத் துறைமுகத்தில் கணக்கெழுதும் வேலை பார்த்தவர். நவம்பர் 15ஆம் தேதி சிட்னி கப்பல் உள்ளே வந்ததைப் பார்த்ததாக வீட்டில் கதை இருக்கிறது. சின்ன வயதில் அப்பப்பா அதைக் கதைக்கும்போது நாங்கள் நம்பவில்லை. ஏனென்றால் அவர் சொன்னது இதுதான்: "வெண்டு வந்த கப்பலை ஒருத்தரும் கூச்சல் போட்டு வரவேற்கேல்லை."

வென்ற கப்பல், துறைமுகம் நிறைய அவர்களுடைய சொந்த வீரர்கள், ஆரவாரம் இல்லாமல் எப்படி இருக்கும்? பிறகு பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது ஒரு கட்டுரையில் அதே விஷயத்தைக் கண்டேன். ஜெர்மன் காயக்காரர்கள் கப்பலில் இருக்கிறார்கள், ஆரவாரம் வேண்டாம் என்று கிளாசப் முன்கூட்டியே கேட்டுக்கொண்டிருக்கிறார். படையினரை ஏற்றிய கப்பல்களின் வரிசைக்கு நடுவே சிட்னி சத்தமில்லாமல் போயிருக்கிறது. அந்தப் பக்கத்தை வாசித்ததும் அப்பப்பாவை நினைத்துக் கன நேரம் அழுதேன். அவர் அப்போது உயிரோடு இல்லை. நீங்கள் சொன்னது சரிதான் என்று சொல்லக் கிடைக்கவில்லை.

சிங்களத்திலும் எம்டன் என்றால் பொல்லாத ஆள் என்ற அர்த்தம் இருக்கிறது, சிட்னி அம்மாவிடம் சொல்லுங்கள்.

கான்பெரா கணேசன்:

சின்னச் சேர்க்கை. இங்கே போர் நினைவகத்தில் எம்டன் பதக்கம் இருக்கிறது. எம்டனில் கிடைத்த மெக்சிகோ வெள்ளி நாணயங்களைச் சிட்னியில் ஒரு நகைக்கடையில் கொடுத்து, மேலே கிரீடமும் தோரணமும் வைத்துப் பதக்கமாக்கி, சிட்னி கப்பலின் மாலுமிகளுக்குக் கொடுத்தார்கள். ஏழு வயது மகளைக் கூட்டிப் போனபோது, "அப்பா, இது அவங்க காசுதானே?" என்று கேட்டாள். எம்டனில் 134 பேர் இறந்தார்கள், சிட்னியில் நாலு பேர் என்று அப்போதுதான் பக்கத்தில் இருந்த குறிப்பில் படித்து முடித்திருந்தேன். அவளுக்குப் பதில் சொல்லக் கொஞ்ச நேரம் ஆனது.

சிட்னிவாசி:

எல்லாருக்கும் நன்றி. தங்கச்சி, உன் பதிவை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார்.

அதற்குப் பிறகு கிளாசப் என்ன ஆனார் என்று தனிமடலில் இருவர் கேட்டிருந்தார்கள். சிட்னி கப்பலோடு அட்லாண்டிக் காவலிலும் பிறகு வடகடலிலும் இருந்தார். 1917இல் அந்தக் கப்பலை விட்டு இந்த ஊருக்கே திரும்பி, துறைமுகக் கடற்படை அலுவலகப் பொறுப்பில் 1920 வரை வேலை பார்த்தார். கல்யாணமும் இங்கேதான். அட்மிரல் பதவி வந்தது, ஆனால் அது எம்டனுக்கான பரிசு இல்லை. கேப்டன்கள் பட்டியலில் மேலே இருப்பவர் விலக விலக, அடுத்தவர் நகரும் வரிசை அது. வைஸ் அட்மிரல் ஆனபோது அவர் ஓய்வு பெற்றோர் பட்டியலில் இருந்தார். பெரிய கடற்படை அணி ஒன்றைக் கடலில் நடத்தும் வாய்ப்பு அவருக்குக் கிடைக்கவில்லை. போர் முடிந்து கப்பல்கள் குறைந்த காலம், நிறையப் பேருக்கு அதே கதிதான்.

அவர் 1934இல் இங்கிலாந்தில் இறந்தார். பிராட்லீஸ் ஹெட்டில் அந்த மரத்தை நிறுத்தியதும் அதே வருடம்தான். முல்லர் அதற்குப் பதினொரு வருடம் முன்பே, 1923இல் போய்விட்டார்.

அம்மாவுக்கு வியாழக்கிழமை விமானம். அதற்குள் ஹைட் பார்க்கின் தெற்கு மூலையில் இருக்கும் எம்டன் பீரங்கியையும் பார்த்துவிட வேண்டும் என்கிறார். பட்டணத்தைச் சுட்டது அந்தப் பீரங்கிதானா என்று கேட்டார். பத்துப் பீரங்கிகளில் அது ஒன்று என்று மட்டும் சொன்னேன். நாளைக் காலை போகிறோம், படம் எடுத்துப் போடுகிறேன்.