பேரிங் டெம்பரேச்சர் ட்ரிப்: காற்றாலை நாசெல் (உச்சிப் பெட்டி) டெர்மினல் போர்டையே மாத்தணுமா?

ஆரல்காத்து:
முப்பந்தல் பக்கம் ஒரு பழைய 250 கிலோவாட் காற்றாலை மெஷின். கியர்பாக்ஸ் பேரிங் டெம்பரேச்சர் நல்ல காத்தில் திடீர்னு 8–10 டிகிரி ஏறி ட்ரிப் ஆகுது (மெஷின் தானா நின்னுடுது), காத்து தணிஞ்சா தானா இறங்கிடுது. பிடி-100 சென்சார் (சூடு ஏற ஏற ரெசிஸ்டன்ஸ் கூடுற டெம்பரேச்சர் சென்சார்) ரெண்டு தடவை மாத்தியாச்சு. மேலே டெர்மினல் போர்டில் (வயர்களை ஸ்க்ரூ போட்டு இணைக்கிற போர்டு) ஸ்க்ரூ தலையெல்லாம் பச்சை பூத்திருக்கு. போர்டு போயிடுச்சு, முழுசா மாத்துங்கன்னு சொல்றாங்க. சீசன் நேரம், ஒரு நாள் நின்னாலே எத்தனை யூனிட் போகும்! மாத்தித்தான் ஆகணுமா?

பேனல்காரன்:
ரீடிங் எந்தப் பக்கம் தப்புதுன்னு முதலில் பாருங்க சார். போர்டு மேலே உப்பும் ஈரமும் படிஞ்சு லீக்கேஜ் வந்தா, அது சென்சாருக்கு பேரலலா நிக்கும், ரீடிங் குறையும். சென்சார் 120 ஓமில் இருக்கும்போது அதுக்குக் குறுக்கே 10 கிலோ ஓம் லீக்கேஜ் இருந்தால்கூட 1.4 ஓம்தான் குறையும், அதாவது சுமார் 3.7 டிகிரி கீழே. உங்களுக்கு ஏறுது. அப்போ சீரிஸில் ரெசிஸ்டன்ஸ் கூடுது. ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 0.385 ஓம், 10 டிகிரி ஏற நாலு ஓம் கூட வேண்டாம். லூஸான ஒரே ஒரு ஸ்க்ரூ போதும்.

சென்சாரோட மூணு வயரில் ரெண்டு சிவப்பு, ஒன்னு வெள்ளை. வயர் நீளத்தோட ரெசிஸ்டன்ஸை சிவப்பை வச்சுத்தான் கழிப்பாங்க. அதனால் வெள்ளை லூஸானா ரீடிங் ஏறும், கழிக்கிற சிவப்பு லூஸானா இறங்கும். முதலில் வெள்ளையைப் பிடிங்க.

ஸ்க்ரூவைத் தொட்டுடாதீங்க, திருகின உடனே பழுது ஒளிஞ்சுக்கும். கண்ட்ரோலர் ஓடட்டும், மெஷின் நிக்கட்டும், ரோட்டர் லாக் போட்டாச்சான்னு பாத்துக்கோங்க. மல்டிமீட்டரை மில்லிவோல்ட்டில் வச்சு, ஒரு முனையை வயரோட செம்பிலும் மறு முனையை டெர்மினல் உலோகத்திலும் வையுங்க. அளவிடும் கரண்ட் பொதுவா ஒரு மில்லிஆம்ப்தான், அதனால் ஒரு மில்லிவோல்ட் காட்டினா அந்த ஜாயின்டில் ஒரு ஓம்னு அர்த்தம். ஸ்க்ரூடிரைவர் பிடியால் போர்டை லேசா தட்டிக்கிட்டே பாருங்க.

தோவாளை_டெக்:
மக்கா, அதுக்கப்புறம் போர்டையும் சோதிச்சிரு. சென்சார் வயரைக் கழற்றிட்டு அதே மூணு டெர்மினலில் 120 ஓம் ரெசிஸ்டர் போடு: ஒரு கால் வெள்ளை இடத்தில், மறு கால் சிவப்பு ரெண்டையும் ஷார்ட் பண்ணின இடத்தில். 51.6 டிகிரி காட்டணும். 0.1 சதவீத ரெசிஸ்டர்தான் வேணும். கடையில் சும்மா கிடைக்கிற 5 சதவீதத்தைப் போட்டா அதுவே 15 டிகிரி தப்பும், அப்புறம் நல்ல போர்டைத் தூக்கிப் போட்டுருவே. ரெசிஸ்டரோட சரியா காட்டி, தட்டும்போதும் ஆடலைன்னா, போர்டும் கீழே போற கேபிளும் கண்ட்ரோலரும் நல்லாத்தான் இருக்கு.

ஆரல்காத்து:
பாத்தாச்சு. வெள்ளை வயரில் 0.4 மில்லிவோல்ட், தட்டினா 3க்கு மேலே துள்ளுது. ரெசிஸ்டருக்கு 52 வந்தது, அசையலை. வயரைக் கழற்றிப் பாத்தா நுனியில் ஈயம் பத்தவச்சிருக்கு. சென்சார் மாத்தினவங்க வேலை போல.

பேனல்காரன்:
அதேதான். ஈயம் மெத்து. ஸ்க்ரூ அழுத்த அழுத்த மெல்ல வழிஞ்சு விலகும், நாசெல் அதிர்வில் பிடி இன்னும் தளரும். ஒவ்வொரு தடவை புது சென்சார் போட்டபோதும் புது ஈயம், அதனால்தான் கொஞ்ச நாள் ஒழுங்கா இருந்துட்டு மறுபடி வந்திருக்கும். ஈயம் பிடிச்ச பாகத்தை வெட்டிட்டு, வயர் அளவுக்குச் சரியான பின் லக் (வயர் நுனியில் மாட்டுற உலோக முனை) கிரிம்ப் பண்ணி, அதாவது இறுக்கி நசுக்கிப் போடுங்க. எம்3 ஸ்க்ரூவா இருந்தா சுமார் அரை நியூட்டன் மீட்டர் முறுக்கு போதும். கை பலத்தைக் காட்டினா மரை போயிடும். பச்சை அரிச்சு முலாம் உரிஞ்ச ஸ்க்ரூவை மட்டும் மாத்துங்க. எமரி தாள் போடவே கூடாது, மிச்சமிருக்கிற முலாமும் போயிடும்.

தோவாளை_டெக்:
போர்டைக் கழுவறதா இருந்தா பவர் முழுக்க எடுத்துட்டு, முதலில் டிஸ்டில்டு வாட்டர், பிறகுதான் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். எல்லாரும் ஆல்கஹாலோட நிறுத்திடறாங்க, உப்பு அதில் சரியா கரையாது. நம்ம ஆரல்வாய்மொழி கணவாயில் ஈரப்பதம் 75 சதவீதம் தாண்டினா மிச்ச உப்பு தானே தண்ணி இழுத்துக்கும். நல்லா காய்ஞ்ச பிறகு ஈரம் தடுக்கிற கோட்டிங் அடி, டெர்மினல் வாயையும் கனெக்டரையும் டேப் ஒட்டி மறைச்சுட்டு. பெட்டிக்குள்ளே வர்ற கேபிள், கிளாண்டுக்கு (கேபிள் நுழையுற இடத்து மூடி) முன்னால் கீழே தொங்கி வளைஞ்சு வருதான்னும் பாரு. நேரா மேலேயிருந்து இறங்கினா மழைத்தண்ணி கேபிளைப் பிடிச்சுக்கிட்டே போர்டுக்கு வந்திரும்.