பதிப்பகம் இல்லாத மதிப்பாய்வு: ஐபிஎஃப்எஸ் + ஆக்டிவிட்டிபப் + பிளாக்செயின் தாங்குமா?

வரைவு3
கணக்கீட்டு உயிரியலில் நான்கைந்து ஆய்வகங்கள் சேர்ந்து ஒரு ஏற்பாடு. ஜர்னலுக்கு அனுப்பும் முன்பே ஒருவர் முன்பதிப்பை (பிரீபிரிண்ட்) இன்னொருவர் மதிப்பாய்வு செய்து வெளிப்படையாகப் போடுவது. எந்த ஒரு நிறுவனத்தின் சர்வரையும் நம்பியிருக்கக் கூடாது என்பது நிபந்தனை. இப்போதைய திட்டம்: பிடிஎஃப் ஐபிஎஃப்எஸ்ஸில் (கோப்பை அதன் உள்ளடக்கத்தை வைத்தே தேடிப் பல கணினிகளிலிருந்து எடுக்கும் வலை), மதிப்பாய்வுகள் அவரவர் சர்வரிலிருந்து ஆக்டிவிட்டிபப் (தனித்தனி சர்வர்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பும் நெறிமுறை) வழியாக, யார் எப்போது எழுதினார் என்பதற்கு பிளாக்செயின் (பதிந்ததை மாற்ற முடியாத பொதுப் பதிவேடு). இதில் முதலில் எது உடையும்? பெயர் சொல்ல விரும்பாத மதிப்பாய்வாளர்களை எப்படிச் சேர்ப்பது?

முடிச்சு
முதலில் உடைவது ஐபிஎஃப்எஸ்தான். அது கிடங்கு இல்லை, முகவரி முறை. யாராவது ஒருவர் தன் கணுவில் (ஐபிஎஃப்எஸ் ஓடும் கணினியில்) பின் செய்து (அழிக்காதே என்று குறித்து) வைத்திருக்கும் வரைதான் கோப்பு கிடைக்கும். படிக்க வந்தவர்களின் கணுக்களில் தங்கிய பிரதிகளெல்லாம் அங்கே குப்பை நீக்கம் (பின் செய்யாததை அழித்து இடம் மீட்பது) ஓடியதும் காலி.

கோப்பு வட்டில் பத்திரமாக இருந்தும் கிடைக்காமல் போவது இன்னொரு தொல்லை. 'இது என்னிடம் இருக்கிறது' என்று கணு வெளியிடும் அறிவிப்பு 48 மணி நேரத்தில் காலாவதியாகிவிடும். ஐபிஎஃப்எஸ் மென்பொருளான குபோ, வழக்கமான அமைப்பில் 22 மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி அறிவிக்கும். வார இறுதியில் அணைத்துவிட்டுப் போகிற கணினியில் ஓட்டினால் திங்கட்கிழமை காலையில் யாருக்கும் எதுவும் அகப்படாது.

அடுத்தது துண்டு அளவு. ஐபிஎஃப்எஸ் கோப்பைத் துண்டுகளாக்கித்தான் சேர்க்கும். ஒரே பிடிஎஃப்பை ஒரு ஆய்வகம் 256 கிலோபைட் துண்டுகளாகவும் இன்னொன்று 1 மெகாபைட் துண்டுகளாகவும் சேர்த்தால் இரண்டு வெவ்வேறு சிஐடி (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் முகவரி) வரும். பார்ப்பவர் கோப்பையே மாற்றிவிட்டார்கள் என்று நினைப்பார். துண்டு அளவு, சிஐடி பதிப்பு, ஹாஷ் முறை (கோப்புக்குக் கைரேகை போன்ற எண்ணைக் கணக்கிடும் முறை) மூன்றையும் எழுத்தில் முடிவுசெய்துகொண்டு ஆரம்பியுங்கள். குறைந்தது மூன்று நிறுவனங்கள் பின் செய்யட்டும். ஐபிஎன்எஸ் பெயரின் (கோப்பு மாறினாலும் மாறாத முகவரியின்) சாவி ஒரே மாணவரிடம் இருந்தால், அவர் படிப்பு முடித்துக் கிளம்பும்போது பெயரும் போய்விடும்.

பட்டியலாளர்
மேலே சொன்னது சரி. ஆனால் கோப்பை எங்கே வைப்பது என்பதற்கு இவ்வளவு உழைப்பு தேவையா? கோப்பு ஒரு இடத்தில், மதிப்பாய்வு வேறொருவர் கையில் என்ற பிரிப்புதான் முக்கியம், அது ஏற்கனவே நடக்கிறது. 2017இல் தொடங்கிய 'பியர் கம்யூனிட்டி இன்' என்ற அமைப்பு முன்பதிப்புகளை அவை இருக்கும் களஞ்சியத்திலேயே விட்டுவிட்டு, குறைந்தது இரண்டு மதிப்பாய்வுகள் வாங்கி, பரிந்துரையாளரின் கையொப்பத்தோடு பரிந்துரை வெளியிடுகிறது. கட்டணம் கிடையாது. டிஸ்கிரீட் அனாலிசிஸ் என்ற கணித ஜர்னலுக்குச் சொந்தமாகக் கட்டுரைக் கிடங்கே இல்லை, எல்லாம் ஆர்கைவ் என்ற முன்பதிப்புக் களஞ்சியத்தில்.

உங்கள் திட்டத்தில் நான் பார்க்கும் பெரிய ஓட்டை, மதிப்பாய்வு எந்தப் பதிப்புக்கு எழுதப்பட்டது என்பது எங்கேயும் பதிவாகவில்லை. செனடோ என்ற களஞ்சியத்தில் ஒவ்வொரு பதிப்புக்கும் தனி டிஓஐ (ஆவணத்தின் நிரந்தர அடையாள எண்), எல்லாப் பதிப்புக்கும் பொதுவாக இன்னொன்று. பொதுவானது எப்போதும் புதியதற்கே கொண்டுபோகும். 'அட்டவணை 2இல் கட்டுப்பாட்டுக் குழுவே இல்லை' என்று முதல் பதிப்புக்கு எழுதிய மதிப்பாய்வில் பொது டிஓஐயைப் போட்டால், வாசகர் மூன்றாம் பதிப்பில் கட்டுப்பாட்டுக் குழுவைப் பார்த்துவிட்டு மதிப்பாய்வாளரைத் திட்டுவார். ஆர்கைவ் எண்ணிலும் இதே கதை: கடைசியில் 'வி1' சேர்க்காவிட்டால் புதிய பதிப்பு திறக்கும். ஆர்கைவ் தரும் டிஓஐக்குப் பதிப்பு வேறுபாடே கிடையாது.

அதனால் மதிப்பாய்வுக்குத் தனி டிஓஐ வாங்குங்கள். அதன் மேல்விவரத்தில் (மெட்டாடேட்டா) 'இதை மதிப்பாய்வு செய்கிறது' என்ற உறவைக் குறிப்பிட்டு, பதிப்பின் டிஓஐயையும் கோப்பின் எஸ்ஹெச்ஏ-256 ஹாஷ் மதிப்பையும் சேருங்கள். டிஓஐ பதிவு செய்யும் டேட்டாசைட், கிராஸ்ரெஃப் இரண்டிலும் மதிப்பாய்வு தனி வகையாகவே உண்டு. இந்த உறவு இல்லாத மதிப்பாய்வு தேடுபொறிகளுக்கு வெறும் அநாதைக் கடிதம்.

ஆக்டிவிட்டிபப்புக்குப் பதில் கோயார் நோட்டிஃபை என்ற நெறிமுறையைப் பாருங்கள். அதே ஆக்டிவிட்டிஸ்ட்ரீம்ஸ் (இணையச் செயல்களை விவரிக்கும் தரநிலை) சொற்களஞ்சியம்தான், ஆனால் களஞ்சியமும் மதிப்பாய்வுச் சேவையும் பேசிக்கொள்வதற்கென்றே செய்தது: களஞ்சியம் மதிப்பாய்வு கேட்டு இன்பாக்ஸுக்கு ஒரு செய்தி, சேவையின் ஒப்புதல் ஒன்று, முடிந்ததும் அறிவிப்பு ஒன்று. இன்பாக்ஸை எல்லாருக்கும் திறந்து விடாதீர்கள். அனுமதித்த அனுப்புநர் பட்டியல் இல்லையென்றால் போலி 'மதிப்பாய்வு முடிந்தது' செய்திகள் வந்து விழும்.

வரைவு3
ஹாஷ் யோசனை நன்றாக இருக்கிறது. சோதனையாக ஆர்கைவிலிருந்து இறக்கிய பிடிஎஃப்பையும் எங்கள் பிரதியையும் ஒப்பிட்டால் பொருந்தவில்லையே?

முடிச்சு
பொருந்தாது. முதல் பக்க இடது ஓரத்தில் ஆர்கைவ் தன் எண்ணையும் தேதியையும் அச்சிடுகிறது. போதாததற்கு லேடெக் (கட்டுரையை வடிவமைக்கும் மென்பொருள்) மூலத்திலிருந்து பிடிஎஃப்பை அங்கேயே மறுபடி தயாரிக்கிறது. உங்கள் கணினியிலேயே இரண்டு முறை ஓட்டிப் பாருங்கள், ஒரு எழுத்து மாறாவிட்டாலும் உருவாக்க நேரம் உள்ளே பதிவதால் ஹாஷ் மாறும். மதிப்பாய்வாளர் உண்மையில் திறந்து படித்த கோப்பின் ஹாஷைப் பதியுங்கள். அந்தக் கோப்பையே செனடோவிலும் ஏற்றுங்கள், அங்கே பைட் மாறாமல் இருக்கும்.

இரண்டாம்_நடுவர்
பிளாக்செயினில் மதிப்பாய்வின் உரையை எழுத வேண்டாம். நோயாளி விவரமோ அவதூறோ தவறிப் புகுந்துவிட்டால் எடுக்க வழியில்லை. நேரச் சான்று மட்டும் போதுமென்றால் ஓப்பன்டைம்ஸ்டாம்ப்ஸ் என்ற சேவை இலவசம். பல ஹாஷ்களை ஒரே மரமாகக் கட்டி ஒரு பிட்காயின் பரிவர்த்தனையில் பதிக்கும், பதிவு உறுதிப்படச் சில மணி நேரம் பிடிக்கும். 'இந்தக் கோப்பு இந்த நேரத்துக்கு முன்பே இருந்தது' என்பதைத் தவிர அது எதையும் நிரூபிக்காது. யார் எழுதினார் என்பதற்குத் தனியாகக் கையொப்பம் வேண்டும்.

பெயர் மறைப்பில் தொழில்நுட்பத்தைவிட அசட்டைதான் காட்டிக்கொடுக்கும். வேர்ட் கோப்பின் பண்புகளில் ஆசிரியர் பெயர், கிட் கமிட்டில் (கோப்பு மாற்றங்களின் பதிவில்) மின்னஞ்சல். கமிட்டை வெளியே தள்ளிவிட்டால் பிறகு அழித்தாலும் மற்றவர்களின் பிரதிகளில் இருக்கும். ஆக்டிவிட்டிபப் சர்வர்களில் 'நேரடிச் செய்தி' என்பதை அந்தந்த சர்வர் நிர்வாகி படிக்க முடியும், அந்த நிர்வாகி கட்டுரை ஆசிரியரின் ஆய்வகத்துக்காரராகவே இருக்கலாம். மதிப்பாய்வாளர் வெறும் உரையாக, நடுவில் ஒரு பொறுப்பாசிரியரிடம் மட்டும் கொடுக்கட்டும். அவர் ஆர்க்கிட் (ஆய்வாளருக்கான தனி எண்) அடையாளத்தைச் சரிபார்த்து, புனைபெயரில் வெளியிடட்டும். பிரீரிவியூ என்ற முன்பதிப்பு மதிப்பாய்வுத் தளத்திலும் ஆர்க்கிட் வழியாக உள்ளே வந்து புனைபெயரில் எழுதலாம். ஆமாம், இது ஒரு மையப் புள்ளிதான். அது இல்லாவிட்டால் ஒரே ஆள் மூன்று பெயரில் வந்து தன் கட்டுரையையே புகழ்வார்.

இன்னொன்று, இளையவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஈலைஃப் ஜர்னல் 2023இல் ஏற்பு–நிராகரிப்பை விட்டுவிட்டு மதிப்பாய்வு செய்த முன்பதிப்பு முறைக்கு மாறியது. 2024 இறுதியில் ஜர்னல்களைத் தரவரிசைப்படுத்தும் கிளாரிவேட் நிறுவனத்தின் நடவடிக்கையால் இம்பேக்ட் ஃபேக்டரை (கட்டுரைகளுக்குக் கிடைக்கும் சராசரி மேற்கோள் எண்ணை) இழந்தது. பணி உயர்வுக்கு அந்த எண்ணைக் கேட்கும் இடங்களில் இருப்பவர்கள், 'பியர் கம்யூனிட்டி இன்' பரிந்துரைகளையோ ரிவியூ காமன்ஸ் (ஜர்னல் சாராத மதிப்பாய்வுத் தளம்) மதிப்பாய்வுகளையோ ஏற்கும் ஜர்னல்களின் பட்டியலைப் பார்த்துவிட்டு, தங்கள் கட்டுரை பிறகு எங்கே போகும் என்று முடிவுசெய்துகொண்டு சேரட்டும்.