பார்சிலோனாவிடம் தோற்காமலே வெளியேறிய ஃபிளாமுர்தாரி: இந்த கிளப்பைப் பற்றி யாருக்காவது தெரியுமா?

நடுவட்டம்:

வணக்கம் நண்பர்களே. பார்சிலோனாவின் பழைய ஐரோப்பிய ஆட்ட முடிவுகளை சீசன் சீசனாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். 1986-87 யூஃபா கோப்பை முதல் சுற்றில் அல்பேனியாவின் ஃபிளாமுர்தாரி என்று ஒரு பெயர். முதல் ஆட்டம் 1-1, இரண்டாவது 0-0. அந்த மே மாதம்தான் பார்சிலோனா ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டம் வரை போய், பெனால்டியில் ருமேனியாவின் ஸ்டேவா அணியிடம் தோற்றிருந்தது. கோடையில் லினேக்கர், மார்க் ஹியூஸ் என்ற இரண்டு பெரிய முன்கள வீரர்களை வாங்கியிருந்தார்கள். பயிற்சியாளர் டெர்ரி வெனபிள்ஸ். அப்படிப்பட்ட அணியால் இவர்களை ஜெயிக்க முடியவில்லை! குருட்டு அதிர்ஷ்டமா, இல்லை உண்மையிலேயே நல்ல அணியா? இப்போது அந்த கிளப் என்ன ஆயிற்று?

ஓரக்கோடு:

இந்தப் பெயரைக் கண்டால் என்னால் சும்மா இருக்க முடியாது, கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். அதிர்ஷ்டம் இல்லை, நல்ல அணி.

ஃபிளாமுர்தாரி, விலோரா நகரத்தின் கிளப். 1923-ல் தொடங்கியது. அல்பேனியாவின் தென்மேற்குக் கரையில் உள்ள துறைமுக ஊர். கடலுக்கு அந்தப் பக்கம் இத்தாலி. 1912 நவம்பர் 28 அன்று இஸ்மாயில் கெமாலி அல்பேனியாவின் சுதந்திரத்தை அறிவித்தது இந்த ஊரில்தான். தேசியக் கொடியின் சிவப்பும் கறுப்பும்தான் கிளப்பின் நிறங்களும்.

1986-ல் அந்த நாட்டின் நிலைமையை நினைத்துப் பாருங்கள். நாற்பது வருஷம் ஆண்ட கம்யூனிச சர்வாதிகாரி என்வர் ஹோஜா இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது, ஆனால் அவர் போட்ட பூட்டு இன்னும் திறக்கவில்லை. சாதாரண மக்கள் வெளிநாடு போக வழியே கிடையாது. ஐரோப்பிய ஆட்டத்துக்காக விமானம் ஏறும் கால்பந்து வீரன்தான் வெளியுலகைப் பார்த்த அபூர்வ மனிதன்.

இப்போது ஆட்டங்களுக்கு வருவோம். முதல் ஆட்டம் விலோராவில். வசில் ருச்சி கோல் போட்டார், பார்சிலோனா சமன் செய்தது. இரண்டு வாரம் கழித்து பார்சிலோனாவின் சொந்த மைதானமான கேம்ப் நூ. அந்தக் காலத்தில் அங்கே ஒரு லட்சம் பேருக்கு மேல் உட்காரலாம்; விலோரா ஊர் மொத்தத்தையும் கொண்டுபோய் உட்கார வைத்தாலும் இடம் மிஞ்சும்.

அந்த 0-0 ஆட்டத்தின் கணக்கைப் பாருங்கள். இரண்டு ஆட்டத்தின் மொத்தக் கோல் சமமானால், எதிரணி மைதானத்தில் அதிக கோல் போட்ட அணிதான் அடுத்த சுற்றுக்குப் போகும் என்பது அப்போதைய விதி. விலோராவில் பார்சிலோனா ஒரு கோல் போட்டிருந்ததால் 0-0 என்றாலே அவர்கள் உள்ளே. ஃபிளாமுர்தாரிக்கு ஒரே ஒரு கோல் வேண்டும். அது விழுந்துவிட்டால் பார்சிலோனா பதில் கோல் போட்டே ஆகவேண்டும்; போட்டாலும் கூடுதல் நேரத்துக்குத்தான் போகும். அதாவது கடைசி விசில் வரைக்கும், ஐரோப்பாவின் இரண்டாவது பெரிய அணி என்று அந்த வருஷம் சொல்லத்தக்க ஒரு அணி, ஒரே ஒரு எதிர்த்தாக்குதலுக்குப் பயந்துகொண்டே ஆடவேண்டியிருந்தது. அந்த ஒரு கோல் விழவில்லை. ஃபிளாமுர்தாரி ஒரு ஆட்டமும் தோற்காமல் வெளியேறியது.

ஆனால் என்னைக் கேட்டால், எல்லாரும் இந்த டிராவையே பேசுவது அந்த அணிக்குச் செய்யும் அநியாயம். அடுத்த சீசனைப் பாருங்கள். 1987-88 யூஃபா கோப்பை, முதல் சுற்றில் எதிரி யூகோஸ்லாவியாவின் பார்ட்டிசான் பெல்கிரேட். அல்பேனியாவுக்கும் யூகோஸ்லாவியாவுக்கும் 1948 முதல் ஆகவே ஆகாது. விலோராவில் 2-0 ஜெயித்தார்கள். பெல்கிரேடில் 1-2 என்று தோற்றாலும் மொத்தம் 3-2. அடுத்து கிழக்கு ஜெர்மனியின் விஸ்முத் அவுவே: அங்கே 0-1, இங்கே 2-0. மூன்றாவது சுற்றில் மறுபடியும் அதே பார்சிலோனா! கேம்ப் நூவில் இந்த முறை 4-1 என்று நொறுக்கிவிட்டார்கள். ஆனால் விலோராவில் ஃபிளாமுர்தாரி 1-0 ஜெயித்தது.

ஆக, பார்சிலோனாவுடன் நான்கு ஆட்டங்களில் ஒரு வெற்றி, இரண்டு டிரா, ஒரு தோல்வி. ஒருமுறை என்றால் அதிர்ஷ்டம் என்று சொல்லலாம். இரண்டு சீசன் தொடர்ந்து நடந்தால்?

வலைக்காவலன்:

நல்ல பதிவு. ஒரு சந்தேகம். கம்யூனிச நாடுகளில் பெரிய அணிகள் எல்லாமே ராணுவத்துக்கோ போலீஸுக்கோ சொந்தமானவை என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நல்ல வீரர்களை எல்லாம் அங்கேயே இழுத்துக்கொள்வார்கள். ஃபிளாமுர்தாரியும் அப்படி அரசாங்கத்தின் செல்லப்பிள்ளைதானோ?

ஓரக்கோடு:

இல்லை, நேர் எதிர். நீங்கள் சொல்வது தலைநகரின் இரண்டு கிளப்புகளுக்குப் பொருந்தும். பார்திசானி திரானா ராணுவத்தின் அணி, தினாமோ திரானா உள்துறை அமைச்சகத்தின் அணி. (பார்திசானியையும் மேலே சொன்ன பெல்கிரேட் அணியையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.) 1947 முதல் 1964 வரை அல்பேனிய லீக் பட்டம் ஒருமுறைகூட இந்த இரண்டு கைகளை விட்டு வெளியே போகவில்லை. இப்போது கே.எஃப். திரானா என்று அறியப்படும் 17 நந்தோரிதான் 1965-ல் அந்தப் பூட்டை உடைத்தது. அதுவும் தலைநகர் அணிதான். போருக்குப் பிறகு திரானாவையும் ஷ்கோதராவின் விலாஸ்னியாவையும் தாண்டி லீக்கை ஜெயிக்க 1984 வரை யாராலும் முடியவில்லை. அந்த வருஷம் எல்பசானின் லபினோதி ஜெயித்தது.

இந்த வரிசையில் அடுத்தது ஃபிளாமுர்தாரி. 1985-லும் 1988-லும் அல்பேனியக் கோப்பையை வாங்கினார்கள். சோகோல் குஷ்தா போன்ற விலோரா பையன்கள் தேசிய அணிக்கும் போனார்கள். ஆனாலும் லீக் மட்டும் கைக்கு எட்டவில்லை. கடைசியில் எட்டியது 1990-91 சீசனில், கிளப் தொடங்கி 68 வருஷம் கழித்து. இன்றுவரை அவர்களுடைய ஒரே லீக் பட்டம் அதுதான்.

அது எப்படிப்பட்ட வருஷம் என்பதுதான் என் மனதை அறுக்கிறது. 1991 மார்ச்சில் துறேஸ், விலோரா துறைமுகங்களிலிருந்து பல ஆயிரம் பேர் கிடைத்த கப்பலில் ஏறி இத்தாலியின் பிரிண்டிசிக்குப் போனார்கள். ஆகஸ்டில் துறேஸிலிருந்து பாரிக்கு ஆள் மேல் ஆளாக நிரம்பிப் போன அந்தப் பிரபலமான கப்பலின் பெயரே ‘விலோரா’. மேல்தளம், பாய்மரக் கம்பம் எங்கும் மனிதர்கள் தொங்கும் அந்தப் புகைப்படத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். 68 வருஷம் காத்திருந்து ஒரு ஊர் பட்டம் வாங்குகிறது, அதே வருஷம் ஊரே கிளம்பிக்கொண்டிருக்கிறது. எல்லை திறந்ததும் வீரர்களும் கிளம்பினார்கள். அல்பேனியக் கால்பந்து வீரர்கள் பலருக்கு கிரேக்கம்தான் முதல் வாசல்.

அப்புறம் அந்தப் பட்டத்தின் பலனாக 1991-92 ஐரோப்பியக் கோப்பை. எதிரி ஸ்வீடனின் ஐ.எஃப்.கே. கோதன்பர்க், இரண்டு தடவை யூஃபா கோப்பை வாங்கிய அணி. ஸ்வீடனில் 0-0. விலோராவில் 1-1. மறுபடியும் தோற்கவில்லை, மறுபடியும் அதே எதிரணி மைதான கோல் விதியால் வெளியே!

நடுவட்டம்:

ஐயோ, இது தெரியாது. அந்த விதியைத்தான் 2021-ல் யூஃபா எடுத்துவிட்டதே. இன்றைய விதிப்படி பார்த்தால் இரண்டுமே கூடுதல் நேரத்துக்குப் போயிருக்கும். கேம்ப் நூவில் இன்னும் 30 நிமிடம்... அதற்குப் பிறகு கிளப் எப்படி?

ஓரக்கோடு:

அதற்குப் பிறகு நீண்ட சரிவு. 1997-ல் போலி நிதி நிறுவனங்கள் கவிழ்ந்து நாடே கொந்தளித்தபோது, கலவரத்தின் மையமே விலோராதான். மக்களின் சேமிப்பு போயிற்று, ஆயுதக் கிடங்குகள் சூறையாடப்பட்டன. அப்படிப்பட்ட ஊரில் ஒரு கிளப் மூச்சு விட்டுக்கொண்டிருந்ததே பெரிய விஷயம் என்றுதான் நான் நினைக்கிறேன்.

மீண்டும் தலை நிமிர்ந்தது 2009-ல், அல்பேனியக் கோப்பை. 2014-ல் இன்னொரு முறை அதே கோப்பை. 2019-20 சீசன் முடிவில் முதல் பிரிவிலிருந்து இறங்கினார்கள். 2025-ல்தான் திரும்ப மேலே வந்தார்கள்.

ஒன்று செய்யுங்கள். பார்சிலோனாவின் முடிவுகளைத்தானே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள், 1987 டிசம்பருக்குப் போங்கள். ஃபிளாமுர்தாரி 1, பார்சிலோனா 0 என்று இருக்கும். மொத்தக் கணக்கில் 4-2 என்று தோற்றதால் யாரும் அதைக் கவனிப்பதில்லை. நான் முதலில் காட்டுவது அதைத்தான்.