‘நைஸ்’ எங்கெல்லாம் ஆளை ஏமாற்றும்?

பழைய ஆங்கில நூல்களை மொழிபெயர்ப்பவர்கள் அடிக்கடி தடுக்கி விழும் சொல் இது. லத்தீனில் ‘நே’ என்றால் இல்லை, ‘ஸ்கீரே’ என்றால் அறிதல். இரண்டும் சேர்ந்த ‘நெஸ்கியுஸ்’, அறியாதவன். பிரெஞ்சு வழியாக 1300 வாக்கில் ஆங்கிலத்துக்குள் வந்தபோது ‘நைஸ்’ ஒரு வசவு: அசடு, மடையன். ‘சயின்ஸ்’ பிறந்ததும் அதே ‘ஸ்கீரே’யில்தான் என்பது எத்தனை முறை பார்த்தாலும் வியப்பாக இருக்கிறது.

அசட்டுத்தனம், கூச்சம், எதிலும் குறை காணும் குணம், நுணுக்கம் என்று பொருள் நகர்ந்துகொண்டே போனது. 1755இல் வந்த சாமுவேல் ஜான்சனின் அகராதி முதலில் சொல்வது நுணுக்கத்தைத்தான். ‘இனிமையான’ என்பது அதற்குப் பிறகே பரவிற்று.

*

ஷேக்ஸ்பியரில் இன்னொரு பள்ளம் உண்டு. ‘ரோமியோ ஜூலியட்’டில் கடிதம் போய்ச் சேரவில்லை என்றறிந்த பாதிரியார் லாரன்ஸ், அது ‘நைஸ்’ அல்ல என்று பதறுகிறார். ‘நல்ல கடிதம் அல்ல’ என்று எழுதினால் காட்சியே கெட்டுவிடும். அற்ப விஷயமல்ல, முக்கியமான சேதி என்கிறார் அவர்.

*

பழைய பொருள் இன்னும் செத்துவிடவில்லை. ‘எ நைஸ் டிஸ்டிங்ஷன்’ என்றால் ‘நல்ல வேறுபாடு’ அல்ல, ‘நுண்ணிய வேறுபாடு’. சந்தேகம் வந்தால் பக்கத்தில் நிற்கும் பெயர்ச்சொல்லைப் பாருங்கள்: வாதம், வேறுபாடு, கணிப்பு என்றிருந்தால் பெரும்பாலும் நுணுக்கம்தான். ‘நைசிட்டி’ என்ற சொல்லிலும் அதுவே தங்கியிருக்கிறது.

*

பேச்சில் தவறு நேர்வது சின்னச் சொற்களில். ‘நைஸ் ஆஃப் யூ டு கம்’ என்றால் வந்தவரின் நல்ல மனசுக்குப் பாராட்டு. ‘ஆஃப்’ இடத்தில் ‘ஃபார்’ போட்டால் பாராட்டு போய், வந்தது உங்களுக்குத்தான் நல்லது என்று தொனிக்கும். முதல் சந்திப்பில் ‘நைஸ் டு மீட் யூ’. விடைபெறும்போது ‘நைஸ் மீட்டிங் யூ’. ‘நைஸ் அண்ட் வார்ம்’ இரண்டு குணங்கள் அல்ல, இதமான சூடு என்ற ஒன்றே. பிரான்சின் ‘நீஸ்’ நகருக்கு எழுத்து மட்டும்தான் ஒன்று. அந்தப் பெயர் கிரேக்கத்திலிருந்து வந்தது.

*

தமிழ்ப் பேச்சு ‘நைஸ்’ தனிக்கதை. பலகையை நைஸாக இழைத்தான் என்பதற்கு ஆங்கிலத்தில் ‘ஸ்மூத்’ வேண்டும். நைஸாக நழுவினான் என்றால் ‘குவாயட்லி’. அங்கே ‘நைஸ்லி’ போட்டால், ஏதோ மரியாதையாக விடைபெற்றுப் போனதாகத்தான் படிப்பவர் நினைப்பார்.