வேலையில் சேர்ந்து ஐந்தே வாரம், மேனேஜரிடம் என் ஆசையைச் சொல்லலாமா?

வைகைக்கரை:
மதுரை இலந்தைகுளம் எல்காட் ஐடி வளாகத்தில் ஒரு கம்பெனியில் நெட்வொர்க் சப்போர்ட்டில் சேர்ந்து ஐந்து வாரம் ஆகிறது. நைட் ஷிப்ட். டிக்கெட் (புகார்) வரும், பார்த்துவிட்டு மேலே இருக்கிற டீமுக்குத் தள்ளுவேன், அவ்வளவுதான். வரும் வெள்ளிக்கிழமை மேனேஜர் தனியாகப் பேச வேண்டுமாம். "அடுத்து என்ன பண்ணணும்னு யோசிச்சு வைப்பா" என்றார். எனக்கு கிளவுட் பக்கம், அதாவது இணையம் வழியாக இயங்கும் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போக ஆசை. இரண்டு வருடம் கழித்து மாமா இருக்கிற சிங்கப்பூருக்குப் போகவும் எண்ணம். ப்ரொபேஷன் (வேலை நிரந்தரமாகும் முன் சோதனைக் காலம்) ஆறு மாதம். இதையெல்லாம் இப்போதே சொல்லலாமா? அப்பாவோ, "முதல்ல வேலையைப் பாரு, வாயைத் திறக்காதே" என்கிறார்.

கப்பலூர்க்காரன்:
அப்பா பேச்சைக் கேள் தம்பி. பட்டவன் சொல்கிறேன். கப்பலூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் சேர்ந்த நாலாவது வாரம். சூப்பர்வைசர் டீ வாங்கிக் கொடுத்து, "அஞ்சு வருஷத்துல எங்க இருக்கணும்னு நினைக்கிற?" என்றார். சிஎன்சி (கம்ப்யூட்டரால் இயங்கும் கடைசல் மெஷின்) புரோகிராம் கற்றுக்கொண்டு கோயம்புத்தூரில் பெரிய கம்பெனிக்குப் போகணும் என்று மனதில் இருந்ததைச் சொன்னேன். அடுத்த மாதமே சிஎன்சி மெஷின் வந்து இறங்கியது. ட்ரெய்னிங்குக்கு என்னோடு சேர்ந்த பையனை அனுப்பினார்கள். போய்க் கேட்டால், "நீதான் போறவனாச்சே, உனக்கு எதுக்குச் செலவு பண்ணணும்?" என்றார். ஒன்றரை வருடம் பழைய லேத்திலேயே நின்றேன். இரும்புச் சுருள் கிழித்த தழும்பு இன்னும் வலது கையில் இருக்கிறது.

அண்ணாநகர் அக்கா:
அண்ணே, உங்களுக்கு நடந்தது அநியாயம். ஆனால் நீங்கள் ஒரே மூச்சில் இரண்டு விஷயத்தைச் சொல்லிவிட்டீர்கள். சிஎன்சி கற்கணும் என்பது ஒன்று, கோயம்புத்தூர் போகணும் என்பது இன்னொன்று. முதலாவதோடு நிறுத்தியிருந்தால் அந்த ட்ரெய்னிங் உங்களுக்கு வந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

நான் ஒரு ஐடி கம்பெனியில் 11 பேர் டீமைப் பார்த்துக்கொள்கிறேன். எங்களுக்கு ஏப்ரலில் கோல் ஷீட், அதாவது அந்த வருடம் ஒவ்வொருவரும் என்ன செய்யணும் என்ற பட்டியல். யாருக்கு என்ன ட்ரெய்னிங் என்று பிப்ரவரியிலேயே கேட்டுவிடுவார்கள், அரை மணி நேரத்தில் பெயர் கொடுக்க வேண்டும். அப்போது என் நோட்டைத்தான் புரட்டுவேன். தன் ஆசையைச் சொன்னவர்கள் பக்கத்தில் ஒரு வரியாவது இருக்கும். சொல்லாதவர்கள் பக்கம் வெறுமையாகக் கிடக்கும். அந்த நேரத்தில் அவர்கள் ஞாபகத்துக்கு வரவே மாட்டார்கள். போன வருடம் நன்றாக வேலை செய்கிற ஒரு பெண் இப்படித்தான் விடுபட்டாள். இன்றைக்கும் எனக்கு அது உறுத்துகிறது.

கப்பலூர்க்காரன்:
உங்களுக்கு உறுத்துகிறது தங்கச்சி. எல்லா மேனேஜருக்கும் உறுத்தாதே! ஐந்து வாரத்துப் பையனுக்கு எதைச் சொல்லணும், எதை விடணும் என்று பிரிக்கத் தெரியுமா? 22 வயதில் எனக்குத் தெரியவில்லை. கிளவுட் என்று வாயெடுத்தாலே "இந்த வேலை இவனுக்குப் பிடிக்கலை" என்றுதான் அவர் காதில் விழும். கன்பர்மேஷன் லெட்டர் கைக்கு வரட்டும். ஆறு மாதம்தானே?

மேலூரான்:
நான் அண்ணன் பக்கம். அப்ரண்டிஸாக இருக்கிறேன். பயிற்சி முடிந்ததும் வேலை கொடுத்தே ஆகணும் என்று 1961 அப்ரண்டிஸ் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. எடுப்பதும் விடுவதும் அவர்கள் கையில். இந்த நிலைமையில் எதற்கு வாயைக் கொடுப்பது?

அண்ணாநகர் அக்கா:
ஆறு மாதம் என்பது ஆறு மாதத்தோடு முடியாது அண்ணே. எங்கள் கணக்குப்படி பாருங்கள். அக்டோபரில் சேர்ந்தவருக்கு லெட்டர் ஏப்ரலில் வரும். பெயர் கொடுப்பது பிப்ரவரியிலேயே முடிந்திருக்கும். அடுத்த பிப்ரவரி என்றால் சேர்ந்து 16 மாதம்! அத்தனை நாளும் டிக்கெட் தள்ளுவதுதானா?

தம்பி, இப்படிக் கேளுங்கள்: "சார், இந்த வேலையை முதலில் நன்றாகப் பிடித்துக்கொள்கிறேன். ஆறு மாதத்தில் என்னிடம் என்ன எதிர்பார்க்கிறீர்கள்? அது கைக்குள் வந்ததும் கிளவுட் கற்க ஆசை." சிசிஎன்ஏ (சிஸ்கோ நிறுவனத்தின் நெட்வொர்க் பரீட்சை) எழுதப் போகிறீர்கள் என்றால் அதையும் கேளுங்கள். அந்தச் சான்றிதழ் 3 வருடம்தான் செல்லும், பரீட்சைச் செலவைக் கம்பெனி ஏற்குமா என்று தெரிந்துகொள்வது நல்லது. சிங்கப்பூர் பேச்சை எடுக்கவே வேண்டாம்.

கப்பலூர்க்காரன்:
மனதில் இருப்பதைச் சொல் என்பவரிடம் பாதியை மறைத்துப் பேசுவதா? அதற்குப் பேசாமலே இருந்துவிடலாமே.

அண்ணாநகர் அக்கா:
இரண்டு வருடம் கழித்துப் போவோமா என்பது தம்பிக்கே உறுதி கிடையாது. உறுதியில்லாத ஒன்றைச் சொல்லாமல் விடுவது எப்படி மறைப்பதாகும்?

வைகைக்கரை:
ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். என் சம்பளச் சீட்டு இந்தக் கம்பெனி பெயரில் வருவதில்லை, ஆள் எடுத்துக் கொடுத்த ஏஜென்சி பெயரில்தான் வருகிறது.

அண்ணாநகர் அக்கா:
இதை முதலிலேயே சொல்லியிருக்கணும் தம்பி. எங்கள் இடத்தில் ஏஜென்சி வழியாக வருபவர்களுக்குக் கோல் ஷீட்டே கிடையாது. நான் பெயர் கொடுத்தாலும் ட்ரெய்னிங் பட்டியலில் ஏறாது. அப்படியானால் உங்கள் முதல் கேள்வியே வேறு. கம்பெனி ரோலுக்கு, அதாவது கம்பெனியின் நேரடி ஊழியராக எடுப்பார்களா, எத்தனை மாதத்தில், எதைப் பார்த்து எடுப்பார்கள்?

கப்பலூர்க்காரன்:
இதை நானும் கேட்கத்தான் சொல்வேன். இது சோற்று விஷயம், தயங்காமல் கேள். கிளவுட் பேச்சு மட்டும் வேண்டாம். அதில் நான் மாறவில்லை.

வைகைக்கரை:
ரோல் விஷயத்தை முதலில் கேட்டுவிடுகிறேன் அண்ணே. மன்னிக்கணும், கிளவுட்டையும் ஒரு வரி சொல்லத்தான் போகிறேன். சனிக்கிழமை இரவுகளில் கிளவுட் டீம் சர்வர் மாற்றும் வேலை பார்ப்பார்கள். என் ஷிப்ட் இல்லாத ஒரு சனிக்கிழமை பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாமா என்று கேட்பேன். சிங்கப்பூர் பற்றி மூச்சு விட மாட்டேன்.

கப்பலூர்க்காரன்:
சரி தம்பி. பேசி முடித்ததும் அவர் சொன்னதைத் தேதி போட்டு எழுதி வைத்துக்கொள். வெள்ளிக்கிழமை ஷிப்ட் முடிந்ததும் இங்கே வந்து சொல், காத்திருப்பேன்.