15 மணி நேரமே ஓடிய ஒய்இசட் 250எக்ஸ்: பிரித்துப் பார்க்காமல் ஓட்டலாமா?

புக்கிட்ரைடர்:
வணக்கம் அண்ணன்மாரே. 2021 மாடல் யமஹா ஒய்இசட் 250எக்ஸ், 2-ஸ்ட்ரோக் காட்டுவழி பைக் ஒண்ணு விலைக்கு வந்திருக்கு. 15 மணி நேரம்தான் ஓடியிருக்குன்னு விற்கிறவர் சொல்றார். ஹவர் மீட்டர் அவரா வாங்கி ஒட்டினது. பிளாஸ்டிக்கில் கீறல் அதிகமில்லை. ஓட்டப்போறது இங்க மலேசியாவில், எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில்: செம்மண், மழை பெய்ஞ்சா வழுக்கும் ஏற்றம். கவசமெல்லாம் போட்டா என் எடை 92 கிலோ. இதுவரை 4-ஸ்ட்ரோக்தான் ஓட்டியிருக்கேன். போய்ப் பார்க்கும்போது எதைப் பார்க்கணும், வாங்கினதும் எதைப் பிரிக்கணும், பெட்ரோலில் கலக்கிற ஆயில் விகிதம் என்ன, கார்புரேட்டர் ஜெட் (பெட்ரோல் போற சின்னத் துளை) மாத்தணுமா?

ரீட்வால்வ்:
மீட்டர் காட்டும் எண்ணை வைத்து விலை பேசாதீர்கள், தம்பி. அதை எப்போது ஒட்டினார் என்பதற்குச் சாட்சி கிடையாது. கால் வைக்கும் பெக்கின் பற்கள் கூராக இருக்கின்றனவா, பூட்ஸ் உரசும் இடத்தில் கிளட்ச் கவரின் பெயின்ட் எவ்வளவு போயிருக்கிறது, பின் பல்சக்கரத்தின் பற்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். 15 மணி நேர வண்டியில் பெக் கையைக் குத்தும்.

அடுத்தது ஏர் ஃபில்டர். சீட்டைக் கழற்றி ஃபில்டரை வெளியே எடுங்கள். விரலில் வெள்ளைத் துணியைச் சுற்றி, கார்புரேட்டர் பக்கம் போகும் ரப்பர் குழாயின் உள்சுவரைத் துடையுங்கள். துணியில் லேசான எண்ணெய் மட்டும் வந்தால் சரி. மண் நரநரவென்று வந்தால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். 2-ஸ்ட்ரோக்கில் உள்ளே போகும் காற்று கிராங்க் பேரிங்கைத் தொட்டுக்கொண்டுதான் மேலே ஏறுகிறது. அந்த மண் பிஸ்டனை மட்டும் தின்றுவிட்டு நிற்காது.

வாங்கிய பிறகு, முதல் ஓட்டத்துக்கு முன்பே ஸ்விங்ஆர்ம் (பின் சக்கரத்தைத் தாங்கும் கை), அதை ஷாக்கோடு இணைக்கும் பின் லிங்கேஜ், ஸ்டீயரிங் ஹெட் மூன்றையும் முழுதாகப் பிரித்து கிரீஸ் போட வேண்டும். தொழிற்சாலையில் வைக்கும் கிரீஸ் கொஞ்சம்தான். அதோடு சிலிண்டரையும் தூக்கிப் பிஸ்டன் ரிங்கைப் பார்த்துவிடுங்கள். ஒரு நாள் வேலை.

தோட்டத்துத் தடம்:
ஃபில்டர் விஷயத்துல அண்ணன் சொன்னது நூத்துக்கு நூறு. ஆனா புது மாதிரி இருக்கிற வண்டியோட சிலிண்டரைத் தூக்கச் சொல்றதை ஒத்துக்கமாட்டேன். முதல் தடவை 2-ஸ்ட்ரோக் வாங்குறவர் பேஸ் கேஸ்கெட், பிஸ்டன் பின்னைப் பிடிக்கிற சர்க்ளிப் வளையம், பவர் வால்வ் (எக்ஸாஸ்ட் துவாரத்தைக் கூட்டிக் குறைக்கிறது) லிங்க் மூணையும் கழட்டி மாட்டணும். சர்க்ளிப் சரியா காடியில் உட்காரலைன்னா அது சிலிண்டர் சுவரைக் கோடு போட்டுடும். இல்லாத கோளாறை நாமளே உண்டாக்கின மாதிரி ஆயிடும்.

தூக்காமலே பார்க்க வழியிருக்கு. எக்ஸ்பான்ஷன் சேம்பரை, அதாவது எக்ஸாஸ்ட் பைப்பைக் கழட்டுங்க, ரெண்டு ஸ்பிரிங்கும் பிராக்கெட் போல்ட்டும்தான். எக்ஸாஸ்ட் துவாரத்துல டார்ச் அடிச்சுக்கிட்டே கிக்கரைக் கையால மெதுவா அழுத்தி பிஸ்டனை ஏத்தி இறக்குங்க. பிஸ்டனோட பக்கச்சுவர்ல கடைசல் பண்ணின மெல்லிய குறுக்குக் கோடு இன்னும் தெரிஞ்சா உண்மையிலேயே கம்மியா ஓடின வண்டி. மேலிருந்து கீழே நகம் மாட்டுற அளவுக்குக் கீறல் இருந்தா மண்ணு தின்னிருக்கு, இல்ல சூட்டுல பிடிச்சிருக்கு. பத்து நிமிஷ வேலை. கம்ப்ரெஷன் கேஜ் காட்டுற எண்ணை மட்டும் நம்பாதீங்க. கேஜுக்குக் கேஜ் மாறும், த்ராட்டிலை முழுசாத் திறக்காம கிக் பண்ணினாலும் குறைச்சுக் காட்டும்.

ரீட்வால்வ்:
எக்ஸாஸ்ட் வழியாகப் பார்த்தால் முன்பக்கம்தான் தெரியும். மண் உள்ளே வருவது இன்டேக் வழியாக. தேய்மானம் முதலில் பிஸ்டனின் பின்பக்கம் விழும்.

தோட்டத்துத் தடம்:
அப்ப ரீட் கேஜையும் (கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவுல இருக்கிற இதழ் வால்வ்) கழட்டிப் பார்க்கட்டும். கார்புரேட்டரைப் பின்னால தள்ளினா சில போல்ட்தான். பின்பக்கச் சுவரும் தெரியும், ரீட் இதழ் ஓரம் பிளந்திருக்கான்னும் பார்த்துக்கலாம். அதுக்கும் சிலிண்டரைத் தூக்கத் தேவையில்லை.

ரீட்வால்வ்:
சரி, அந்த வழி எனக்குச் சம்மதம். சிலிண்டரை விடுகிறேன். லிங்கேஜை விடமாட்டேன். அலுமினியச் சட்டத்துக்குள் எஃகு போல்ட். நம் ஊர் ஈரத்தில், பிரெஷர் வாஷரில் கழுவிக் கழுவி, ஸ்விங்ஆர்ம் பிவட் போல்ட் உள்ளேயே பிடித்துக்கொண்டால் சுத்தியலால் அடித்தும் வராது. சுலபமாக வெளியே வருவது வண்டி புதிதாக இருக்கும் இப்போதுதான்.

கவனமாகச் செய்ய வேண்டிய இடம் ஒன்று உண்டு. லிங்கேஜ் பேரிங்கின் உள் காலரை இழுத்ததும் ஊசி உருளைகள் ஒவ்வொன்றாக உதிரும். கீழே தட்டு வைத்துக்கொண்டு ஒரு பேரிங்கை முடித்த பிறகே அடுத்ததைத் தொடுங்கள். எண்ணிக்கை மாறாமல், தண்ணீருக்குக் கரையாத கிரீஸில் உருளைகளை ஒட்டவைத்துத் திரும்ப அடுக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் மற்றவை சாய்ந்து காலரில் தடம் பதிக்கும். ஸ்டீயரிங் ஹெட்டில் கீழ் பேரிங்தான் முதலில் காயும், அதற்கு அதிகம் வையுங்கள். முன் ஃபோர்க்கை மாட்டும்போது மேல், கீழ் கிளாம்ப் போல்ட்டுகளை மானுவல் சொல்லும் அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். டார்க் ரெஞ்ச் இல்லாமல் கை பலத்தில் இறுக்கினால் ஃபோர்க் குழாய் நெளிந்து உள்ளே உரசும்.

கசிவுசோதனை:
ரெண்டு பேரும் முக்கியமானதைச் சொல்லாம விட்டுட்டீங்க. காற்றுக் கசிவு. சும்மா கொட்டகையில் நிறுத்தி வச்ச வண்டியில கிராங்க் சீல் ரப்பர் காய்ஞ்சுடும். பிரஷர் டெஸ்ட் கட்டாயம். எக்ஸாஸ்டை ரப்பர் அடைப்பான் வச்சு மூடுங்க, இன்டேக் ரப்பர் குழாயை மூடுங்க, பிளக் துவாரத்துல அடாப்டர் போட்டு கைப்பம்பால 6 பிஎஸ்ஐ ஏத்துங்க. ரொம்ப அதிகமா ஏத்தினா சீலே பிதுங்கலாம். நிமிஷத்துக்கு 1 பிஎஸ்ஐக்கு மேல இறங்கினா எங்கேயோ கசிவு.

சோப்புத் தண்ணியைத் தெளிச்சுப் பாருங்க. இடது பக்கம் மேக்னெட்டோ கவருக்குள்ள குமிழ் வந்தா இடது சீல் போச்சு. அது வெளிக்காற்றை இழுக்கும், கலவை மெலியும் (காற்று கூடி பெட்ரோல் குறையும்), த்ராட்டிலை விட்டாலும் ஆர்பிஎம் சட்டுனு இறங்காது. அப்படியே ஓட்டினா பிஸ்டன் உருகும். வலது சீல் கசிஞ்சா கியர்பாக்ஸ் ப்ரீதர் குழாய்ல காற்று வரும். வெளிப்பக்கம் ஒண்ணும் தெரியாது. கியர் ஆயில் மட்டும் குறைஞ்சுக்கிட்டே வரும், சூடானப்புறமும் புகை நிக்காது.

முப்பதுக்கு_ஒன்று:
இப்போ ஆயிலுக்கு வருவோம். யமஹா மானுவலே 30:1 சொல்லுது. 5 லிட்டர் பெட்ரோலுக்கு 167 மில்லி. பிரீமியம் 2-ஸ்ட்ரோக் ஆயில், அளவுக் குவளையில் அளந்து ஊத்து தம்பி, மூடியால ஊத்தாதே. நிறைய பேர் புகைக்கும், பைப்பில் வழியும் கறுப்புச் சளிக்கும் பயந்து 60:1 போடுறாங்க. கனெக்டிங் ராட் கிராங்கோட சேர்ற இடத்துப் பேரிங்குக்கு அந்த ஆயில் தவிர வேற எதுவும் கிடையாது.

தோட்டத்துத் தடம்:
60:1 கேடிஎம் கார்புரேட்டர் வண்டி மானுவல்லயே இருக்கு அண்ணே, நல்ல ஆயிலா இருந்தா. தோட்டத்துல மெதுவா ஏறுறவருக்கு முழு ஆர்பிஎம் எங்க வருது? 30:1 போட்டா மெதுவா ஓட்டும்போது எரியாத ஆயில் பைப்புல தேங்கும், பவர் வால்வ்ல கரி படியும், பிளக் நனையும். நான் 40:1ஐவிட அதிகமா ஆயில் கலக்கச் சொல்லமாட்டேன்.

முப்பதுக்கு_ஒன்று:
கேடிஎம் சொன்னது கேடிஎம் கிராங்குக்கு, அது சொல்ற ஆயிலுக்கு. இது யமஹா. கறுப்புச் சளி வர்றது ஆயில் அதிகமானதால இல்ல, ஜெட் கொழுப்பா இருக்கிறதால. பெட்ரோல் அதிகமாப் போனா எரிப்பு குளிர்ந்து ஆயில் எரியாம வெளியே வரும். ஜெட்டைச் சரிபண்ணு, 30:1லயே பைப் காஞ்சு கிடக்கும்.

ரீட்வால்வ்:
இதில் நான் மானுவல் பக்கம். இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆயிலைக் கூட்டினால் கலவை கொழுப்பாகும் என்று பலர் நினைக்கிறார்கள். நடப்பது நேர்மாறு. அதே ஜெட் வழியாகப் போகும் திரவத்தில் ஆயிலின் பங்கு கூடினால் பெட்ரோலின் பங்கு குறையும், கலவை மெலியும். 60:1லிருந்து 30:1க்கு மாறினால் பெட்ரோலின் பங்கு 98.4 சதவீதத்திலிருந்து 96.8க்கு இறங்கும். சின்ன வித்தியாசம்தான், மெயின் ஜெட்டை (முழு த்ராட்டிலில் பெட்ரோல் விடும் துளை) ஒரு படி மாற்றும் அளவுகூட வராது. ஆனாலும் விகிதத்தை மாற்றினால் பிளக் நிறத்தைப் பாருங்கள். கலந்த பெட்ரோலை மாதக்கணக்கில் கேனில் வைக்காதீர்கள். ரோன்95 போதும், இது மோட்டோகிராஸ் ஒய்இசட் 250ஐவிடக் கம்ப்ரெஷன் குறைத்துக் கட்டிய எஞ்சின்.

புக்கிட்ரைடர்:
நன்றி அண்ணன்மாரே. 30:1ல ஆரம்பிக்கிறேன். ஜெட் எப்படிக் கண்டுபிடிக்கிறது? நம்ம ஊர் 32 டிகிரி, கடல்மட்டத்துக்குக் கிட்டத்தான். எப்பவாவது கேமரன் மலைக்கும் கொண்டுபோவேன்.

கசிவுசோதனை:
முதல்ல கசிவு இல்லைன்னு உறுதியாகட்டும். கசிவை வச்சுக்கிட்டு ஜெட் பண்றது வீண்வேலை. இது கெய்ஹின் பிடபிள்யூகே 38 கார்புரேட்டர். எஞ்சினை நல்லாச் சூடாக்கி ஏர் ஸ்க்ரூவை முழுசா உள்ள மூடி, மெதுவா வெளியே திருப்புங்க. எந்த இடத்துல ஐடில் அதிகமா ஏறுதோ அந்தச் சுற்றை எண்ணுங்க. ஒண்ணுலேர்ந்து ரெண்டரைக்குள்ள வந்தா பைலட் ஜெட் (ஐடில்லயும் குறைஞ்ச த்ராட்டில்லயும் பெட்ரோல் விடுறது) சரி. ஒண்ணுக்குள்ளயே உச்சம் வந்தா பைலட் சின்னது, ஒரு படி ஏத்துங்க. ரெண்டரையைத் தாண்டியும் ஏறிக்கிட்டே போனா பெரிசு, ஒரு படி இறக்குங்க. நம்ம சூட்டுக்கும் ஈரத்துக்கும் காற்று அடர்த்தி கம்மி, அதனால பெரும்பாலும் இறக்கத்தான் வேண்டியிருக்கும்.

தோட்டத்துல கால் த்ராட்டில்லயே பாதி நேரம் ஓடும். அங்க வேலை பார்க்கிறது பைலட்டும், த்ராட்டிலோட ஏறி இறங்குற நீடில் ஊசியும்தான், மெயின் இல்ல. கால் த்ராட்டில்ல பட் பட்டுன்னு தண்ணி குடிச்ச மாதிரி ஓடினா நீடில் கிளிப்பை ஒரு காடி மேல ஏத்துங்க, நீடில் கீழ இறங்கும், மெலியும். மலையில 1,500 மீட்டர்ல காற்று இன்னும் மெலிசு, அங்கேயும் ஒரு படி இறக்கித்தான் ஆகணும். கீழே வந்ததும் மறக்காம பழைய ஜெட்டைப் போட்டுடுங்க. மெலிஞ்ச ஜெட்டோட கீழே முழு த்ராட்டில் பிடிச்சா எஞ்சின் பிடிச்சுக்கும்.

தோட்டத்துத் தடம்:
ஜெட்டுக்குச் செலவு பண்ற காசைவிட ஸ்பிரிங்குக்கு வைங்க. 92 கிலோன்னு சொன்னீங்க. கம்பெனி ஸ்பிரிங் அதைவிட எடை குறைஞ்ச ஆளுக்கு. பின் சக்கரத்தைத் தரையிலேர்ந்து தூக்கி, அச்சுலேர்ந்து நேர் மேல மட்கார்டுல ஒரு குறி வச்சு அளங்க. அப்புறம் கவசம் பூட்ஸோட பெக்ல நின்னு, ஒரு ஆள் அளக்கட்டும். வித்தியாசம் 100 மில்லிமீட்டர் பக்கம் வரணும். பிரீலோடை (ஸ்பிரிங்கை முன்கூட்டியே நசுக்குற நட்டு) திருகி 100க்குக் கொண்டுவந்தப்புறம் ஆளில்லாம அளந்து பாருங்க. 30லேர்ந்து 40 இருக்கணும். 20தான் வருதுன்னா ஸ்பிரிங் மெலிசு, அதை நசுக்கித்தான் 100 வாங்கியிருக்கீங்க. கனமான ஸ்பிரிங்தான் வழி. பின்னால மாத்தினா முன்னாலயும் மாத்தணும், இல்லன்னா முன்னுக்கும் பின்னுக்கும் சமநிலை கெட்டுடும்.

டியூப் இன்னொண்ணு. பனைமட்டையோட அடி முள் சாதாரண டியூப்ல சுலபமா இறங்கும். 4 மில்லிமீட்டர் கனத்து டியூப் போடுங்க, முன்னும் பின்னும் ரிம் லாக் (டயர் ரிம்மில் நழுவாம பிடிக்கிறது) இறுக்கமா இருக்கட்டும்.

ரீட்வால்வ்:
டியூபுக்குப் பதிலாக மூஸ் என்ற நுரை வளையம் போட்டால் முள் பயமே கிடையாது.

தோட்டத்துத் தடம்:
மூஸ் விலை, ஜெல், மாட்டுற வேலை, அதுவும் நம்ம சூட்டுல சீக்கிரம் சுருங்கும். மாசத்துல ரெண்டு தடவை ஓட்டுறவருக்கு டியூப் போதும் அண்ணே.

கசிவுசோதனை:
செயினைப் பத்தி ஒரு வரி. அளவை ஸ்டாண்டில் தூக்கி வச்ச நிலையில் மட்டும் நம்பாதீங்க. ஷாக்கின் கீழ் போல்ட்டைக் கழட்டி, முன் பல்சக்கர அச்சு, ஸ்விங்ஆர்ம் பிவட், பின் அச்சு மூணும் ஒரே கோட்டுல வர்ற வரை சக்கரத்தை ஏத்துங்க. செயின் அங்கதான் அதிகமா இழுபடும். அந்த இடத்துல கொஞ்சம் தளர்வு இருக்கணும். இல்லன்னா குதிச்சு விழும்போது கியர்பாக்ஸ் வெளி அச்சோட பேரிங் போகும். லிங்கேஜுக்கு கிரீஸ் போடுற அன்னிக்கே பார்த்துட்டா ஷாக்கை ரெண்டு தடவை கழட்ட வேண்டாம்.

முப்பதுக்கு_ஒன்று:
காசு கொடுக்கிறதுக்கு முன்னால கஸ்டம்ஸ் கே1 பாரத்தைக் கேளு. இது போட்டி வண்டி, ஹெட்லைட் கிடையாது, சாலைப் பதிவும் கிடையாது. வரி கட்டி வந்ததுக்குச் சாட்சி அந்தப் பாரம்தான். சட்டத்தோட எண், எஞ்சின் எண் ரெண்டையும் துணியால துடைச்சு நீயே படி. போறதுக்கு முன்னால போன் போட்டு, எஞ்சினைச் சூடாக்கி வைக்காதீங்கன்னு சொல்லு. போனதும் பைப்பைத் தொட்டுப் பாரு. குளிர்ந்த எஞ்சின் சோக்கைத் தூக்கி மூணு நாலு கிக்குக்குள்ள எடுக்கணும்.

புக்கிட்ரைடர்:
விற்கிறவர்கிட்ட பேசிட்டேன். எக்ஸாஸ்ட் பைப்பைக் கழட்டிப் பார்க்கச் சம்மதிச்சார். பிரஷர் டெஸ்டுக்கு மட்டும் தயங்குறார்.

கசிவுசோதனை:
தயங்கினா ரெண்டு சீலுக்கும் வலது கவர் கேஸ்கெட்டுக்கும் ஆகுற செலவை, கூலியோட சேர்த்து விலையில் கழிச்சுப் பேசுங்க. விலையைக் குறைக்கச் சம்மதிச்சா வாங்குங்க, வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை டெஸ்ட். அது முடியும் வரை கிக்கரைத் தொடாதீங்க.

தோட்டத்துத் தடம்:
குளிர் ஸ்டார்ட்ல ஐடில் ஒழுங்கா நின்னு, த்ராட்டிலை விட்டதும் ஆர்பிஎம் சட்டுனு இறங்கினா அவ்வளவு கழிக்கத் தேவையில்லை. நல்ல வண்டியை அதுக்காக விட்டுடாதீங்க.

கசிவுசோதனை:
வலது சீல் கசிவு ஐடில்ல தெரியாதுன்னு மேலேயே சொன்னேன். கியர் ஆயிலை அங்கேயே வடிச்சு அளக்கச் சொல்லுங்க, அதுக்காவது சம்மதிப்பார்.