உப்புக்காற்று வீட்டைப் பார்க்க எஞ்சினியருக்கு 15 ஆயிரமா?

கீழக்கரை சபுராளி:
அஸ்ஸலாமு அலைக்கும். துபாயில் இருக்கிறேன். ஊரில் 1998இல் கட்டிய மாடி வீடு விலைக்கு வருகிறது. கடல் நடை தூரம்தான். 42 லட்சம் சொல்கிறார்கள். மதுரையிலிருந்து எஞ்சினியரை வரவழைத்துக் காட்ட 15 ஆயிரம் ஆகுமாம். மச்சான் வெட்டிச் செலவு என்கிறார். என்ன செய்யலாம்?

உச்சிப்புளி பாண்டி:
வெட்டிச் செலவேதான். தாய்ப்பத்திரம், வில்லங்கம், பட்டா மூன்றையும் வக்கீலிடம் கொடுங்கள். கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் (கடற்கரையோரம் கட்டடத்துக்குக் கட்டுப்பாடு உள்ள பகுதி) வருகிறதா என்றும் கேட்கச் சொல்லுங்கள். வீட்டைப் பார்க்க நல்ல கொத்தனார் போதும், ஆயிரம் ரூபாயில் முடிந்துவிடும். எஞ்சினியர் பத்துப் பக்கம் அடித்துக் கொடுத்துவிட்டு, கடைசியில் ‘கண்ணுக்குத் தெரிந்ததை மட்டுமே எழுதியிருக்கிறேன்’ என்பார். அது கொத்தனார் கண்ணுக்கும் தெரியும்தானே?

மண்டபத்து மருமகள்:
அண்ணே, நாங்களும் கொத்தனாரைத்தான் கூட்டிப்போனோம். தூணைத் தட்டிப் பார்த்து, கல்லு மாதிரி இருக்கு என்றார். பெயிண்ட் வாசனைகூடப் போகாத வீடு. இரண்டாவது ஐப்பசியில் அடுப்படி சிலாப் பெயர்ந்து விழுந்தது. உள்ளே கம்பி துருவேறி ஏடு ஏடாக உரிந்து கிடந்தது. என் பிள்ளை அப்போதுதான் அங்கிருந்து எழுந்து போயிருந்தான். சரிபண்ண மூன்று லட்சத்துக்கு மேல் போனது, நகை இன்னும் பேங்கில்தான் இருக்கிறது.

உச்சிப்புளி பாண்டி:
கஷ்டம்தான் தங்கச்சி. ஆனால் பெயிண்டுக்குப் பின்னால் எஞ்சினியருக்கு மட்டும் எப்படித் தெரியும்?

ராம்நாடு சைட் எஞ்சினியர்:
கருவி கொண்டுவந்தால் தெரியும். டார்ச் அடித்து போட்டோ எடுத்துக்கொண்டு போகிறவருக்கு 15 ஆயிரம் தண்டம், அதில் பாண்டி அண்ணன் சொல்வது சரி. அதனால் என்ன சோதனை செய்வார் என்று முதலில் கேளுங்கள். கம்பிக்கு மேல் எவ்வளவு கான்கிரீட் மூடியிருக்கிறது என்று கவர் மீட்டர் காட்டும். கடலோரக் காற்று படும் இடத்துக்கு, கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தரவிதி ஐஎஸ் 456, 45 மில்லிமீட்டர் கேட்கிறது. அது 2000இல் வந்த திருத்தம், இந்த வீடு அதற்கும் முந்தியது. நம் பக்கம் நான் அளந்த பழைய வீடுகளில் 20ஐத் தாண்டியவை குறைவு. உப்பு உள்ளே இறங்கிக் கம்பியைத் தொட்டால் துரு பருக்கும், கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கும். வெளியே வெடிப்பு தெரிகிறபோது உள்ளே கம்பி ஏற்கெனவே துருவேறியிருக்கும். ஓரிரு இடத்தில் துளைபோட்டு, தூளை லேபுக்கு அனுப்பி குளோரைடு, அதாவது உப்பு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்ப்பது முக்கியம். கிணற்று உப்புத்தண்ணீரில் கலவை போட்ட வீடு என்றால் அதிலேயே மாட்டிக்கொள்ளும்.

உச்சிப்புளி பாண்டி:
எங்கள் தாத்தா கட்டியது முருகைக்கல் (கடல் பவளப்பாறைக் கல்) வீடு, சுண்ணாம்புக் காரை. 64 புயலில்கூட நின்றது. அதை எந்த எஞ்சினியர் வந்து பார்த்தார்? (இன்றைக்கு முருகைக்கல்லைத் தொட்டாலே கேஸ், அது வேறு கதை.)

ராம்நாடு சைட் எஞ்சினியர்:
அதில் கம்பியே இல்லையே அண்ணே. துருப்பிடிக்க என்ன இருக்கிறது?

கீழக்கரை சபுராளி:
வீட்டுக்காரரிடம் பேசினேன். பார்த்துவிட்டுப் போகலாம், துளை மட்டும் போட விடமாட்டேன் என்கிறார்.

உச்சிப்புளி பாண்டி:
பாருங்கள். துளையே போட முடியாது என்றால் 15 ஆயிரம் எதற்கு?

மண்டபத்து மருமகள்:
அவர் விடமாட்டேன் என்பதிலேயே உங்களுக்குப் பாதி ரிப்போர்ட் சும்மா கிடைத்துவிட்டதே.

உச்சிப்புளி பாண்டி:
சரி, அதை ஒத்துக்கொள்கிறேன். துளை போட விடும்வரை அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். ஆனாலும் 15 ஆயிரம் அதிகம்தான், எட்டுக்குப் பேசிப் பாருங்கள்.

கீழக்கரை சபுராளி:
அண்ணே, இப்போதுதான் மச்சான் சொல்கிறார். போன வெள்ளிக்கிழமையே இரண்டு லட்சம் கொடுத்துவிட்டாராம்.